மிச்சம் வைத்த மலை

டூகல் போன் செய்தபோது நான் பூனைக்கு மாத்திரை கொடுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். டிங்வால் ஊரில் கால்நடை மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, சுற்றுவட்டாரப் பசுக்களின் வயிற்றுப்போக்கையெல்லாம் போனில் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றவள் நான். சொந்தப் பூனை மட்டும் எனக்கு மசியாது. கையைப் பிறாண்டிவிட்டு சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது.

விவாகரத்துக்குப் பிறகு டூகல் கூப்பிடுவது எப்போதாவதுதான். அதுவும் யாராவது செத்துப்போனால். அதனால் எடுத்ததுமே, "யாரு போனது?" என்று கேட்டேன்.

"யாரும் போகல. எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

"இஷ்பெல், நான் கிழவி மேல ஏறல," என்றான்.

கிழவி என்றால் மலை. நாங்கள் குடித்தனம் நடத்திய ஊரில், ஏரியின் வடகரையில் செங்குத்தாக நிற்பவள். கேலிக் மொழியில் அவளுக்கு நீளமான பெயர் உண்டு; சுருக்கினால் கிழவிதான். ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலை ஒவ்வொன்றையும் ஏறி முடித்துவிட வேண்டும் என்று எங்களில் சிலருக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். பிடித்தால் லேசில் விடாது. எனக்கும் டூகலுக்கும் கல்யாணத்துக்கு முன்பே பிடித்திருந்தது. சொல்லப்போனால் கல்யாணம் நடந்ததே அதனால்தான். கல்யாணமில்லாமல் ஒரே கூடாரத்தில் எத்தனை மழையில் ஒன்றாக நனைவது?

இந்தப் பைத்தியத்துக்கும் சட்டதிட்டம் உண்டு. உச்சியில் கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலின் மேல்கல்லைக் கையால் தொட வேண்டும். தொட்டால்தான் ஏறியதாகக் கணக்கு. பத்தடி கீழே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏறாத மாதிரிதான். அப்புறம், ஒரு மலையைக் கடைசிக்கென்று மிச்சம் வைப்போம். அதை யாரும் தனியாக ஏறுவதில்லை. மனசுக்கு வேண்டியவர்களோடு போய், தொட்டுவிட்டு, அங்கேயே விஸ்கியைத் திறப்பது வழக்கம். நாங்கள் கிழவியை மிச்சம் வைத்திருந்தோம். காலையில் பாத்திரம் கழுவும்போது ஜன்னலில் தெரிவாள். இருடி, வர்றோம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் துடைப்பேன்.

விஸ்கிகூடத் தயாராக இருந்தது. கல்யாணத்தன்று என் அப்பா கொடுத்தது. "ரெண்டு பேரும் முடிச்சப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து திறக்கணும். நடுவுல ஒருத்தர் திருட்டுத்தனமா திறந்தா எனக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லி, தன் படகுக்குப் பூசும் பச்சைப் பெயிண்டை எடுத்து, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் சுற்றி ஒரு வளையம் போட்டார். அவர் யாரையும் நம்பாத மனிதர். மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் கம்மியாக நம்பினார்.

அந்த நாள் வந்தபோது மழை. என் முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. பாதி மலையில் ஒரு கணவாய் உண்டு; அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வரலாம் என்றேன். மேகம் விலகிவிடும் என்று அவன் நின்றான். பேச்சு வளர்ந்தது. "போறதுன்னா போ" என்றேன். ஒரு மனைவி அப்படிச் சொன்னால் எந்த ஊரிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். டூகல் போனான்.

அவன் இறங்கி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. நொண்டிக்கொண்டே கீழே போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், ஈரச் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "முடிச்சுட்டேன்" என்றான். அப்பாவின் பாட்டில் எங்கே என்று கேட்டேன். "மேல குடிச்சேன். மிச்சத்தைக் கல்லு மேல ஊத்திட்டேன்" என்றான். மறுநாள் மலையேறும் நண்பர்கள் கேக்கோடு வந்தார்கள். பப்பில் வைத்து வெட்டினார்கள். டூகல் உச்சியில் கற்குவியலோடு நின்று எடுத்துக்கொண்ட படம் பப்பின் சுவரில் ஏறியது. அவன் எழுந்து நின்று பேசினானாம். நான் போகவில்லை.

எங்களுக்குள் வேறு சண்டைகளும் இருந்தன. ஆனால் என்னைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணம் அந்த ஈரச் சாக்ஸோடு முடிந்துபோனது. அந்த இலையுதிர்காலத்திலேயே டிங்வாலுக்கு வந்துவிட்டேன். மலைக்குப் போகும் ஷூவை யாருக்கோ கொடுத்தேன். அதன்பிறகு ஒரு மலையும் ஏறவில்லை. கேட்டவர்களிடம் முட்டி என்று சொல்லிக்கொண்டேன். முட்டியை டாக்டர் சரிசெய்து பல வருடமாயிற்று. எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல். இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்ததை அவன் ஒருத்தனாகச் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி. அது இருபது வருடமாக ஆறவில்லை.

இப்போது அவன் ஏறவில்லை என்கிறான்.

"அன்னிக்கு ஒரே மூடுபனி," என்றான். "உச்சிக்கு முன்னால சின்னதா ஒரு முடி இருக்கில்ல, அதுலயும் கல்லு குவிச்சு வெச்சிருக்காங்க. அதுதான் உச்சின்னு நெனச்சு தொட்டுட்டு வந்துட்டேன். போன குளிர்காலத்துல ஒரு பொண்ணு பப்புக்கு வந்துச்சு. படத்தைப் பாத்துட்டு, இது முன்முடியாச்சே, உச்சி இன்னும் பின்னால இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிச்சாச்சா?"

"இரு. கேக்கு வெட்டினாங்களே?"

"வெட்டினாங்க."

"எழுந்து பேசினியாமே?"

"பேசினேன்." நான் மறுபடியும் சிரித்தேன். அவன் பொறுமையாக இருந்தான். பிறகு சொன்னான்: "ஜூன்ல எனக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன், இஷ்பெல். பழசை எடுத்துட்டு வேற வைக்கிறாங்களாம். அப்புறம் எப்படியோ, என்னவோ. அதுக்குள்ள அவளைத் தொட்டுடணும். உனக்கும் அவ ஒருத்திதானே பாக்கி. வர்றியா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "புது ஷூ வாங்கணும். கடிக்கும்" என்று வந்தது.

*

மே மாதத்தில் ஒரு காலை. ஏரிக்கரைச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தியபோது டூகல் ஏற்கெனவே வந்து, திறந்த டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ஏரி தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மூடுபனி படுத்திருந்தது. எங்கோ உள்ளேயிருந்து ஒரு குயில் கூவிக்கொண்டே இருந்தது.

"மெலிஞ்சுட்டே," என்றேன்.

"நீ மெலியல."

"வாயைக் கழுவு. எங்க உன் கம்பு?"

அவன் இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல் கொண்டுவந்திருந்தான். எழுந்து நடந்தபோது இடது கால் ஒரு அரைவட்டம் போட்டுத்தான் முன்னே வந்தது.

முன்பெல்லாம் அவன் முன்னால் போவான், நான் பின்னால். இப்போது நான் முன்னால். வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரங்களுக்கு நடுவே பாதை ஏறியது. புது இலைகளின் வாசனை, ஈர மண், பாசி. ஷூ கடிக்கவில்லை. முதல் கால்மணி நேரம் மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்த வயதில் இது தேவையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்புறம் எப்போது அது நின்றது என்று தெரியவில்லை. கால்கள் தாமாகவே கல்லைத் தேர்ந்தெடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டன. இந்தக் கல் ஆடும், இது ஆடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை வருடமும் அதை எங்கே வைத்திருந்தனவோ.

மரங்கள் முடிந்து சதுப்பு வந்தது. பஞ்சுப்புல் தலையாட்டிக்கொண்டு நின்றது. மூடுபனி இறங்கி வந்து எங்களை எடுத்துக்கொண்டது. பாதையில் நாலு அடிக்கு மேல் எதுவும் இல்லை. பின்னால் டூகலின் ஊன்றுகோல் கல்லில் தட்டும் சத்தம் மட்டும். டக், டக், காலை இழுக்கும் ஒரு சரசரப்பு. பேசவில்லை. மேலே போகிறோமா, அதே இடத்தில் நடக்கிறோமா என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கு என் வயது மறந்துபோனது. ஒரு திருப்பத்தில், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்தேன். நான் யோசித்தது ஏரிக்கரை வீட்டின் அடுப்பை. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

"டூகல்."

"ம்."

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேன். நீ மெதுவா நடந்தா இன்னும் நல்லா இருப்பேன்."

புதருக்குள்ளிருந்து ஒரு மலைக்கோழி கரகரவென்று கத்திக்கொண்டு எழும்பியது. இரண்டு பேரும் திடுக்கிட்டு நின்று, அப்புறம் சிரித்தோம். சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பு வந்ததும் நான் சட்டென்று நடக்க ஆரம்பித்தேன்.

கணவாய்க்கு வந்தபோது அந்தப் பாறை அங்கேயே இருந்தது. எங்கே போகப்போகிறது? நான் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் மெல்ல மெல்ல, ஒரு கட்டிலை இறக்குவது போல, தன்னை இறக்கிவைத்தான். அவன் அக்கா செய்து கொடுத்த பால் மிட்டாயைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பல்லில் ஒட்டும் அதே இனிப்பு.

"இங்கதான்," என்றான்.

"தெரியும்."

"முட்டி எப்படி?"

"என் முட்டிக்கு ஒரு குறையும் இல்ல. உன் இடுப்பைப் பாரு."

அவன் ஏதோ சொல்ல வந்து, மிட்டாயை மென்றான். நான் எழுந்தேன். அந்தப் பாறையில் இன்னொரு முறை நான் உட்கார்ந்து யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை.

கணவாய்க்கு மேல் கிழவி தன் குணத்தைக் காட்டுவாள். பாதை என்று ஒன்று இல்லை. பாறைமேல் பாறை, கையும் காலுமாகத் தொற்றித்தான் ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில் இல்லாத பயம். கீழே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லாததால் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. செங்குத்தான இடங்களில் நான் திரும்பிப் படுத்துக் கையை நீட்டினேன். அவன் பிடித்துக்கொண்டு ஏறினான். முதல் முறை இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. மூன்றாவது முறை நான் கேட்காமலே நீட்டினேன், அவன் கேட்காமலே பிடித்தான்.

மதியம் எப்போதோ போய்விட்டிருந்தது. அவசரமில்லை, மே மாத வெளிச்சம் நிறைய மிச்சமிருந்தது. சரிவு ஒரு இடத்தில் சமமானது. மூடுபனிக்குள் இடுப்பளவு ஒரு கற்குவியல் தெரிந்தது.

"இதுதான்," என்றான் டூகல். "முன்முடி."

நான் அதைச் சுற்றி வந்தேன். "இதைத் தொட்டுட்டா அத்தனை பேரையும் கூட்டி வெச்சு கேக்கு வெட்டினே?"

"சொல்லு, சொல்லு. இன்னிக்கு உன் நாள்."

"மூடுபனியில நாய் மாதிரி மோப்பம் பிடிச்சு வழி கண்டுபிடிப்பியே. ஊரே உன்னைக் கேட்டுத்தானே போகும். நீ எப்படிடா இந்தக் குட்டிக் குவியல்ல ஏமாந்தே?"

அவன் கற்குவியலில் சாய்ந்து உட்கார்ந்து, பையின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான். குளிரில் விரல்கள் விறைத்து முடிச்சு அவிழவில்லை. "கொடு இங்க" என்று பையைப் பிடுங்கி அவிழ்த்தேன். எனக்கு வேண்டியது பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் டீயும். கை உள்ளே போனபோது ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் கனமாக எதுவோ தட்டுப்பட்டது.

"அதை விடு, இஷ்பெல்," என்றான்.

விடு என்றால் நான் விட்டுவிடுவேனா? உருவினேன். விஸ்கி பாட்டில். லேபிள் பழுப்பேறிப் போயிருந்தது. மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் பச்சைப் பெயிண்ட் வளையம். கட்டைவிரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

"குடிச்சேன்னியே."

அவன் ஊன்றுகோலின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கல்லு மேல ஊத்தினேன்னியே, டூகல்!"

"திறக்கல."

உச்சி என்று நம்பித் தொட்டவன் அதைத் திறக்காமல் வருவானா? எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. "நீ ஏமாறல. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு?"

"அப்படி ஒரு பொண்ணே கிடையாது. உன்னைக் கூப்பிட ஒரு சாக்கு வேணாமா?" அவன் எழப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே பேசினான். "அன்னிக்கு இங்க வந்து நின்னேன். படம் எடுத்துக்கிட்டேன், மேல போறதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு. அப்போ மேகம் விலகிச்சு. முன்னால பாத்தா உச்சி. கொஞ்ச தூரம்தான், பொடிநடையாப் போய் தொட்டிருக்கலாம். பின்னால திரும்பினேன். கீழ கணவாய்ல உன் சிவப்பு ஜாக்கெட் தெரிஞ்சுது. மழையில ஒரு புள்ளி மாதிரி. அப்புறம் கால் வரல இஷ்பெல். நீ இல்லாம அதைத் தொட எனக்கு மனசு வரல."

"திரும்பி வந்து அதைத்தானே சொல்லியிருக்கணும்?"

"அதைச் சொல்லத்தான் இறங்கினேன். கணவாய்க்கு வந்தா நீ இல்ல. காத்திருக்கக்கூட உனக்கு ஆகலயான்னு கோவம். வீட்டுக்கு வர்ற வரைக்கும் அது ஏறிக்கிட்டே போச்சு. உனக்கு வலிக்கிற மாதிரி ஏதாவது சொல்லணும்னு சொல்லிட்டேன். மறுநாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் கேக்கோட வந்துட்டாங்க."

"அதுக்கு மறுநாள்?"

"நீ போயிட்டே."

"நான் போனது அக்டோபர்ல! அது மே மாசம்!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பெரிய கேக்கு, இஷ்பெல்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்போது வந்தது அழுகை. கோபம். பாட்டிலை அவன் மடியில் வைத்தேன். வைத்தேனா, போட்டேனா தெரியவில்லை. "நான் மலையை விட்டது முட்டியால இல்லடா. உன்னாலதான். எனக்குச் சேர வேண்டியதை நீ தனியா முடிச்சுட்டேன்னு நெனச்சு நெனச்சு, எந்த மலையையும் பாக்கவே பிடிக்காம ஜன்னலுக்குத் திரை போட்டுக்கிட்டேன். இருபது வருஷம். எல்லா மேயும், எல்லா ஜூனும். முடிக்கவே இல்லைன்னா அத்தனையும் எதுக்கு?"

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உச்சியை நோக்கி நடந்தேன். பின்னால் அவன் எழுந்து ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வருவது கேட்டது. முன்முடிக்கும் உச்சிக்கும் நடுவே ஒரு குறுகல் உண்டு. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஆள் நடக்கும் அகலம். அழுதுகொண்டே கடந்தேன். அழுகிறவளுக்குப் பயம் தெரியாது போலிருக்கிறது. மூடுபனி காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வெயில். உச்சி எதிரே வந்து நின்றது, மேல்கல்லோடு, பளிச்சென்று.

அப்போதுதான் ஊன்றுகோல் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன்.

திரும்பினேன். குறுகலின் நடுவில் டூகல் நின்றிருந்தான். ஒரு பாறைப்படியில் இடது கால் ஏற மறுத்துவிட்டது. முன்னாலும் வராமல் பின்னாலும் போகாமல் இரண்டு கம்பையும் ஊன்றிக்கொண்டு நின்றான். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவேனோ மாட்டேனோ என்று நினைத்தானோ என்னவோ. நான் உச்சியைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான். பொடிநடையாகப் போய்த் தொட்டிருக்கலாம். எனக்கும் கால் வரவில்லை.

திரும்பிப் போய்க் கையை நீட்டினேன். அவன் பிடித்துக்கொண்டான். ஏறி நின்றதும் விடவில்லை.

"அங்க பாரு," என்றான்.

சாய்ந்த வெயில் எங்கள் முதுகில் அடித்தது. கீழே மூடுபனியின்மேல் எங்கள் இரண்டு பேரின் நிழலும் விழுந்திருந்தது. பிரம்மாண்டமாக, கையைக் கோத்தபடி. என் நிழலின் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு சின்ன வானவில். அத்தனை மலை ஏறியும் இரண்டே முறைதான் அதைப் பார்த்திருக்கிறேன்.

"என் தலைக்கு வளையம் இருக்கு," என்றேன். "உனக்கு இல்ல."

"எனக்குத்தான் இருக்கு. உன் தலை மொட்டையா இருக்கு."

அது அப்படித்தான். அவரவர் தலையின் வளையம் அவரவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அது தெரியாததில்லை. இருந்தாலும் யாருக்கு இருக்கிறது என்று அந்தப் படியில் நின்றுகொண்டு வாயடித்தோம். நான் கையை ஆட்டினேன். அந்த ராட்சசியும் ஆட்டினாள். பனி நகர்ந்தது, இரண்டு பேரும் கலைந்துபோனார்கள். என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது அங்கேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டும் நடக்க முடியும் என்று மட்டும் தெரிந்தது.

உச்சிக்கு ஒன்றாகத்தான் போனோம். நெஞ்சுயரக் கற்குவியல். மேலே தட்டையாக ஒரு கல், யாரோ வைத்த மாதிரி. சுற்றிலும் மேகம் கடலாகக் கிடந்தது. நாங்கள் ஏறிய மலைகளெல்லாம் அதில் தீவுத்தீவாகத் தலைகாட்டின. ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பெயர் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் என்ன சாப்பிட்டோம், எதற்குச் சண்டை போட்டோம் என்றுகூட நினைவு வந்தது. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்! அதை எப்படி மறந்தேன்?

"நீ முதல்ல," என்றான் டூகல்.

"நீதான் ஊருக்கெல்லாம் பொய் சொன்னவன். முதல்ல அதை உண்மையாக்கு."

அவன் கையுறையைக் கழற்றினான். உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்தான்.

நான் கையை நீட்டினேன். கல்லுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு ரொட்டித் துண்டு நுழையும் இடைவெளி. தொட்டால் முடிந்துவிடும். பாட்டிலைத் திறப்போம், குடிப்போம், இறங்குவோம். ஜூனில் அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பார்கள். நான் டிங்வாலுக்குப் போய்ப் பூனைக்கு மாத்திரை கொடுப்பேன். அடுத்த முறை போன் அடித்தால் யாராவது செத்திருப்பார்கள்.

கையை எடுத்து ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கிளம்பலாம்."

"இஷ்பெல், இன்னும் தொடலயே."

"தொடல."

"விளையாடாத. இத்தனை தூரம் வந்துட்டு. கையை வை."

"மாட்டேன். எனக்கு ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்."

அவன் கல்லைப் பார்த்தான், என் ஜாக்கெட் பையைப் பார்த்தான். பேயறைந்த மாதிரி நின்றான். "பழி வாங்கறியா?"

"கொஞ்சம்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "பாட்டிலை உள்ள வை. ரெண்டு பேரும் முடிச்சப்புறம்னு எங்க அப்பா சொல்லியிருக்கார். நான் இன்னும் முடிக்கல."

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பாட்டிலைக் கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்தான். மூன்று முறை முயன்றுதான் அது உள்ளே போனது.

"கடைசி மலையைத் தனியா ஏறக் கூடாது," என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு. "வழக்கம் அப்படி."

"ஏறமாட்டேன்."

குறுகலுக்கு வந்ததும் நான் முதலில் இறங்கி, திரும்பி, கையை நீட்டினேன்.

"பாத்து இறங்கு, கிழவா," என்றேன். "அடுத்த மே மாசம் நீ எனக்கு வேணும்."